செடானா எஸ்யூவியா, ஹைவேயில் எப்படி ஓட்டுவது: டயர் கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சிலிம் ரிவர் பக்கம் ஒரு டயர் கடையில் கணக்குப் பார்க்கிறேன். ஆள் குறைந்தால் டயரும் கழற்றுவேன். அலைன்மென்ட் முடிய அரை மணி நேரமாவது ஆகும். அதுவரை பக்கத்து ஒட்டுக்கடையில் தே தாரிக் வாங்கிக்கொண்டு வந்து உட்காருகிறவர்கள் சுற்றிச் சுற்றி இதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்லிச் சொல்லி வாய் வலித்ததால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளை அவரவர் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

செடான்னா என்ன அண்ணே? பூட் வெளிய நீட்டிக்கிட்டு இருந்தா செடானா?

கிட்டத்தட்ட அவ்வளவுதான். பக்கவாட்டில் நின்று பார்த்தால் மூன்று பெட்டி தெரியும்: முன்னால் எஞ்சின், நடுவில் ஆள், பின்னால் சாமான். ஆளுக்கும் சாமானுக்கும் இடையில் பின்சீட்டும் தகடும் தடுப்பாக நிற்கும். புரோட்டோன் சாகா, பெரோடுவா பெஸ்ஸா, டொயோட்டா வியோஸ் எல்லாம் செடான். பெரோடுவாவின் மைவி, அக்ஸியா எல்லாம் ஹேட்ச்பேக். பின்கதவைத் தூக்கினால் பின்சீட்டில் இருப்பவரின் தலை தெரியும். ஒரே பெயரில் இரண்டும் வருவதுண்டு. 1985 ஜூலை 9 அன்று வந்த முதல் சாகா செடான், 1987ல் வந்த சாகா ஏரோபேக் ஹேட்ச்பேக். இப்போது ஹோண்டா சிட்டியும் இரண்டு வடிவிலும் கிடைக்கிறது.

நம்ம ஊர்ல எங்க பார்த்தாலும் சாகாவும் பெஸ்ஸாவும்தான் ஓடுது. ஏன்?

விலைதான் முதல் காரணம், அதை மறைக்க வேண்டியதில்லை. உதிரிப் பாகம் எந்தப் பட்டறையிலும் கிடைக்கும். விற்கலாம் என்று வாயைத் திறந்தால் வாங்க ஆள் வரும். கிராப் வாடகைக் கார் ஓட்டும் பையன்கள் இந்த இரண்டையும்தான் தேடிப் பிடிக்கிறார்கள். பெரோடுவா 1994ல் கஞ்சில் என்ற சின்னக் காரில் தொடங்கி, சின்ன கார்களுக்கே பேர்போன கம்பெனியாக இருந்தது. தன் முதல் செடானான பெஸ்ஸாவை 2016ல்தான் கொண்டுவந்தது. வந்த வேகத்தில் தோட்டத்துக் குடும்பங்கள் அதைத் தத்தெடுத்துக்கொண்டன.

இரண்டாவது காரணம் பூட். பெஸ்ஸாவின் பூட் 508 லிட்டர் என்றால் யாருக்கும் ஒன்றும் புரியாது. ஒரு தீபாவளிக்கு முந்தின வாரம் ஓர் அக்கா அலைன்மென்ட்டுக்கு வந்தார். பூட் நிறைய எடை இருந்தால் காரின் பின்பக்கம் அமுங்கி அளவு தப்பும் என்பதால் எல்லாவற்றையும் இறக்கச் சொன்னோம். முறுக்கு டின் மூன்று, 10 கிலோ அரிசி மூட்டை இரண்டு, சுருட்டிய பாய், பெட்டியோடு ஒரு ரைஸ் குக்கர், சேலைப் பைகள், பழைய துண்டில் சுற்றிய ஒரு குத்துவிளக்கு. கடை வாசலில் வரிசையாக வைத்தபோது யாரோ வீடு மாறுகிற மாதிரி இருந்தது. திரும்ப ஏற்ற எங்கள் பையனை விடவில்லை, அவரே ஏற்றினார். பாயை ஓரமாகச் செருகி, அதன் மேல் குத்துவிளக்கைப் படுக்கவைத்து, டின்களுக்கு நடுவில் சேலைப் பையை அணைகொடுத்து மூடினார். ஒரே தட்டு, சாத்திக்கொண்டது.

மூன்றாவது காரணத்தை யாரும் சொல்ல மாட்டார்கள், நான் சொல்கிறேன். ஒரு காலத்தில் தோட்டத்தில் கார் என்றால் துரைக்கும் பெரிய கிராணிக்கும் (தலைமைக் கணக்குப்பிள்ளை) மட்டும்தான். சாகா வந்த பிறகுதான் லயத்து வாசலில் கார் நின்றது. எங்கள் தலைமுறைக்கு ‘கார்’ என்றால் மனதில் வருவது அந்த மூன்று பெட்டி உருவம்தான். சின்ன வயதில் காரை வேறு மாதிரி வரைந்த ஞாபகமே எனக்கில்லை.

செடான் காலம் முடிஞ்சிருச்சுன்னு யூடியூப்ல எல்லாரும் சொல்றாங்களே?

எந்த ஊரில் முடிந்தது, எந்த அளவு செடான் முடிந்தது என்று பிரித்துக் கேட்க வேண்டும். அமெரிக்காவில் ஃபோர்டு 2018லேயே அங்கு விற்கும் செடான்களை நிறுத்தப்போவதாக அறிவித்தது, சொன்னபடி செய்தும் காட்டியது. அந்தச் செய்திதான் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

நம் நாட்டில் அடிவாங்கியது நடுத்தர, பெரிய செடான்கள். புரோட்டோன் பிரேவே போய்விட்டது, பெர்டானா போய்விட்டது. முன்பு பதவி உயர்வு கிடைத்தால் பெரிய செடானுக்குப் போனவர்கள் இப்போது அதே பணத்தில் எஸ்யூவிக்குப் போகிறார்கள். சீனாவின் ஜீலி 2017ல் புரோட்டோனில் 49.9 விழுக்காடு பங்கை வாங்கியது. அடுத்த ஆண்டு டிசம்பரில் எக்ஸ்70 வந்தது, 2020ல் எக்ஸ்50, 2021ல் பெரோடுவாவின் அத்திவா. இவை எல்லாம் வந்தபின் எங்கள் கடையில் 17, 18 இஞ்ச் டயர் அடுக்கவே தனி இடம் ஒதுக்கினோம். ஆனால் 14 இஞ்ச் அடுக்கு குறையவே இல்லை. சின்ன செடான் உயிரோடுதான் இருக்கிறது. புரோட்டோனே 2023 நவம்பரில் எஸ்70 என்று மறுபடியும் ஒரு நடுத்தர செடானை இறக்கியது. முடிந்துபோன கதை என்றால் அந்தச் செலவை ஏன் செய்யப்போகிறார்கள்?

அம்மாவுக்கு முட்டி வலி. செடான்ல ஏறி இறங்கக் கஷ்டப்படுறாங்க. எஸ்யூவி வாங்கணுமா?

செடான்காரனான நான் ஒத்துக்கொண்டே ஆக வேண்டிய இடம் இது. செடானில் உடம்பைக் கீழே இறக்கி உட்கார வேண்டும், எழும்போது முட்டியால் தூக்க வேண்டும். சீட் இடுப்பு உயரத்தில் இருந்தால் அப்படியே சாய்ந்து உட்கார்ந்துவிடலாம். அதற்காக ரொம்ப உயரமான வண்டியும் சரிப்படாது, ஏறவே படி தேவைப்படும். காட்டலாக் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஷோரூமுக்குப் போய் நாலு தடவை ஏறி இறங்கச் சொல்லுங்கள். அவர் முகமே சொல்லிவிடும்.

கார் மாற்ற வசதியில்லை என்றால் ஒரு சின்ன வழி உண்டு. முன்சீட்டை முழுக்கப் பின்னால் தள்ளி, முதலில் வெளியே பார்த்தபடி உட்கார்ந்து, அப்புறம் இரண்டு காலையும் சேர்த்து உள்ளே திருப்பச் சொல்லுங்கள். வழுக்குகிற துணி ஒன்றைச் சீட்டில் விரித்தால் திரும்புவது சுலபம். கார் கிளம்பும் முன் அந்தத் துணியை எடுத்துவிட வேண்டும்.

எஸ்டேட் ரோட்ல செடான் அடி தட்டாதா?

தட்டும், ஆனால் பெரும்பாலும் காரைவிட அதில் ஏறிய எடைதான் காரணம். ஒருவர் மட்டும் ஓட்டும்போது தட்டாத இடத்தில் ஐந்து பேரும் நிறைந்த பூட்டும் சேர்ந்தால் உரசும். செம்மண் சாலையில் லாரிச் சக்கரம் தோண்டிய இரண்டு பள்ளத்துக்குள் உங்கள் சக்கரத்தை விடாதீர்கள். நடு மேடு வயிற்றில் இடிக்கும். ஒரு சக்கரம் மேட்டிலும் ஒன்று ஓரத்திலுமாக மெதுவாக ஏறிப் போங்கள்.

அப்புறம், செம்பனை (எண்ணெய்ப் பனை) குலை ஏற்றிய லாரிக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு போகாதீர்கள். ஒரு குலை 20 கிலோ கூட இருக்கும், முள்ளும் உண்டு. உதிர்ந்த பழம் சாலையில் நசுங்கிக் கிடந்தால் எண்ணெய்தான், வளைவில் கார் நழுவும். இதில் செடான் எஸ்யூவி பேதம் கிடையாது.

ஹைவேல செடான் ‘ஒட்டி’ப் போகும், எஸ்யூவி ஆடும்னு சொல்றது உண்மையா?

ஒரே எடை, ஒரே டயர், ஒரே தரமான சஸ்பென்ஷன் என்று வைத்துக்கொண்டால் உண்மைதான். செடானில் எடை தாழ்வாக இருக்கிறது, வளைவில் சாய்வு குறைவு. முகம் சின்னது என்பதால் காற்றும் குறைவாகத் தள்ளும். ஆனால் நிஜத்தில் இரண்டும் ஒரே எடையில் வருவதில்லை. பெஸ்ஸா மாதிரி இலேசான செடான், நீளமான லாரியைத் தாண்டி முன்னால் வரும்போது ஒரு காற்று வந்து தள்ளும் பாருங்கள், ஸ்டீயரிங் கையில் அசையும். கனமான எக்ஸ்70ல் அது அவ்வளவாகத் தெரியாது. ஆகவே ‘செடான் என்றால் ஒட்டும்’ என்று நம்பி 130ல் போவது, குடை இருக்கிறது என்று வெள்ளத்தில் இறங்குவது மாதிரி.

யாரும் யோசிக்காத இன்னொன்றும் இருக்கிறது. உயரத்தில் உட்கார்ந்தால் சாலை மெதுவாக ஓடுகிற மாதிரித் தெரியும். செடானிலிருந்து எஸ்யூவிக்கு மாறினவர்கள் ‘அண்ணே, 110ல போற மாதிரியே இல்ல’ என்று பெருமையாகச் சொல்வார்கள். எனக்கு அது பயமாகத்தான் இருக்கும். புது வண்டி எடுத்தவர்கள் முதல் ஒரு மாதமாவது மீட்டரை அடிக்கடி பார்ப்பது நல்லது.

90ல போனா பெட்ரோல் ரொம்ப மிச்சமா? 130ல போனா எவ்வளவு சீக்கிரம் போகலாம்?

காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிக் கணக்கில் ஏறும். 90லிருந்து 110க்குப் போனால் எதிர்ப்பு கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு. 110லிருந்து 130க்குப் போனால் அதற்கு மேல் இன்னொரு 40 விழுக்காடு. டயர் உருளுவதற்கும் ஏர்கானுக்கும் போகும் பங்கு தனி என்பதால் பெட்ரோல் அதே கணக்கில் ஏறாது, ஆனால் டாங்கி முள் இறங்குவது கண்ணுக்குத் தெரியும். எஸ்யூவியின் பெரிய முகத்துக்கு இந்த அபராதம் இன்னும் கொஞ்சம் கூடுதல்.

நேரக் கணக்கு இதைவிடச் சுவாரசியம். 100 கி.மீ. தூரத்தை 90ல் போனால் 67 நிமிடம், 110ல் 55, 130ல் 46. அதாவது சட்டத்தை மீறி, பெட்ரோலைக் கொட்டி, பக்கத்தில் இருக்கும் மனைவியிடம் திட்டு வாங்கிக்கொண்டு போனால் கிடைப்பது 9 நிமிடம். தாப்பா ஆர் அண்ட் ஆரில் (ஹைவே ஓய்விடம்) கழிவறை வரிசையில் அந்த 9 நிமிடம் போய்விடும்.

வலது தடத்துல 110ல போறேன். அதுதான சட்ட வேகம்? பின்னால வர்றவன் ஏன் லைட் அடிக்கிறான்?

இந்தக் கேள்வியில் மட்டும் கடையில் சண்டையே வந்திருக்கிறது. வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் உச்ச வேகம் 110 என்பது சரி. ஆனால் வலது தடம் முந்துவதற்கு. ‘நான் சட்டப்படிதான் போகிறேன், என்னை முந்துகிறவன்தான் குற்றவாளி’ என்பது பாதி நியாயம். இடது தடம் காலியாக இருக்கும்போது வலதில் உட்கார்ந்திருப்பதும் தப்புதான். பின்னால் வருகிறவர் இடது பக்கமாக முந்தப் பார்ப்பார், அங்கே 80ல் போகும் லாரி இருக்கும், அதற்கு முன்னால் பின்விளக்கில்லாத மோட்டார் சைக்கிள் இருக்கும். நம் ஊர்க்காரர்கள் பாதிப்பேர் அந்த மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகிறவர்கள் என்பதை மறக்க வேண்டாம்.

லைட் அடிக்கிறவர் பக்கமும் பேசிவிடுகிறேன். 110ல் ஒரு நொடிக்கு 30 மீட்டருக்கு மேல் போகிறோம். குறைந்தது இரண்டு நொடி இடைவெளி, அதாவது 60 மீட்டர், விட வேண்டும். முன்னால் இருக்கும் வண்டி ஒரு பலகையைத் தாண்டியதும் ‘முருகா முருகா முருகா’ என்று நிதானமாகச் சொல்லிப் பாருங்கள். சொல்லி முடிக்கும் முன் நீங்களும் அந்தப் பலகைக்கு வந்துவிட்டால் ஒட்டிப் போகிறீர்கள். நான் செய்வது சுலபம்: முந்தி முடித்து, உள்கண்ணாடியில் அந்த வண்டியின் முகம் முழுதாகத் தெரிந்ததும் சிக்னல் போட்டு இடதுக்கு வந்துவிடுவேன். பறக்கிறவன் பறக்கட்டும்.

பெரிய மழைல டபுள் சிக்னல் போட்டுக்கிட்டு ஓட்டலாமா?

கூடாது. எல்லாரும் போடுகிறார்களே என்றால், எல்லாரும் தப்புச் செய்கிறார்கள். டபுள் சிக்னல், அதாவது இரண்டு பக்க சிக்னலும் சேர்ந்து மின்னுவது, என்றால் ‘நான் நிற்கிறேன், சுற்றிக்கொண்டு போ’ என்று அர்த்தம். ஓடும்போது போட்டால் நீங்கள் தடம் மாறுவது பின்னால் இருப்பவருக்குத் தெரியவே தெரியாது. முன்விளக்கைப் போடுங்கள், பின்விளக்கும் சேர்ந்து எரியும், அது போதும். தேங்கிய தண்ணீரில் ஸ்டீயரிங் திடீரென்று இலேசானால் டயர் தண்ணீர் மேல் மிதக்கிறது. பிரேக்கை மிதிக்காமல், ஸ்டீயரிங்கை வெட்டாமல், எண்ணெய் மிதியிலிருந்து (ஆக்ஸிலரேட்டர்) மட்டும் காலை எடுங்கள். இடைவெளியை மேலே சொன்னதைப் போல இரண்டு மடங்காக்குங்கள், முருகனை ஆறு தடவை கூப்பிடலாம்.

டயர்ல பள்ளம் ஆழமாத்தான இருக்கு, ஏன் மாத்தச் சொல்றீங்க? வியாபாரமா?

வியாபாரமும்தான். ஆனால் டயரைத் திருப்பி, பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் இருக்கும் நாலு எண்ணைப் பாருங்கள். 2317 என்றிருந்தால் 2017ஆம் ஆண்டின் 23வது வாரம் செய்தது. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு மட்டும் எடுக்கும் தாத்தா காரில் பள்ளம் புதுசு மாதிரி இருக்கும், ரப்பர் காய்ந்து ஓரத்தில் நுண்ணிய வெடிப்பு ஓடியிருக்கும். பால்மரத்தோடு வளர்ந்த நமக்கு ரப்பர் காய்வதைப் பற்றிச் சொல்லித் தர வேண்டியதில்லை. வெயிலில் நின்று நின்றே செத்துப்போன டயர் அது. ஹைவேயில் சூடேறும்போதுதான் வெடிக்கும்.

காற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், அதில் ஆள் குறைவுக்கு ஓர் அளவும் முழுச் சுமைக்கு ஓர் அளவும் சில கார்களில் தனித்தனியாகப் போட்டிருப்பார்கள். அந்த அக்கா மாதிரி பூட்டை நிறைத்துக்கொண்டு போகும் நாளில் முழுச் சுமை அளவுதான். காலையில் டயர் சூடேறும் முன் பாருங்கள்.

பின்சீட்ல பெல்ட் கட்டாயமா? நாலு பிள்ளைங்க இருக்காங்க...

2009 ஜனவரி 1 முதல் கட்டாயம். பின்சீட்டில் பெல்ட் மூன்று என்றால் மூன்று பேர்தான். நாலாவது பிள்ளைக்கு இரண்டாவது கார், அல்லது ஏழு பேர் வண்டி. ‘பக்கத்துலதான் போறோம்’ என்று என்னிடம் சொல்லாதீர்கள், அப்படிச் சொன்ன எத்தனையோ கார்களின் டயரைக் கழற்றி மாட்டியிருக்கிறேன். ஹேட்ச்பேக், எஸ்யூவி வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள்: பின்சீட்டின் உயரத்துக்கு மேல் சாமான் அடுக்கினால் வேகமாக பிரேக் போடும்போது அது பிள்ளைகள் தலைக்கு வரும். முதல் பதிலில் சொன்ன அந்தத் தடுப்பு செடானில் இங்கேதான் உதவுகிறது.

ராத்திரி திரும்பி வரும்போது தூக்கம் வந்தா? கோப்பி குடிச்சா போதுமா?

போதாது. ஒரு தைப்பூசத்துக்குப் பத்துமலை போய், விடிய விடிய நின்றுவிட்டு வெயில் ஏறும்போது திரும்பினேன். உலு பெர்ணாம் தாண்டியது ஞாபகம் இருக்கிறது. அடுத்த ஞாபகம், சாலை ஓரக் கோட்டில் டயர் ஏறி எழுந்த ‘டுர்ர்’ சத்தம். நடுவில் எத்தனை நொடி போனது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பின்சீட்டில் அம்மாவும் தங்கச்சியும் நல்ல தூக்கம். அவர்களிடம் இன்னும் சொல்லவில்லை.

கொட்டாவி வந்து, கடைசியாகத் தாண்டிய பலகையில் என்ன எழுதியிருந்தது என்று நினைவில்லை என்றால் அடுத்த ஆர் அண்ட் ஆரில் நிறுத்துங்கள். கோப்பி குடித்துவிட்டு உடனே சீட்டைச் சாய்த்து 20 நிமிடம் தூங்குங்கள். கோப்பி வேலை செய்ய ஆரம்பிக்க அவ்வளவு நேரம் எடுக்கும், எழும்போது இரண்டும் சேர்ந்து உதவும். கண்ணாடியை இறக்குவது, பாட்டைச் சத்தமாக வைப்பது எல்லாம் ஐந்து நிமிட வைத்தியம். அவசரத் தடத்தில் நிறுத்தித் தூங்க மட்டும் கூடாது.

டோல் காசு மிச்சம்னு பழைய ரோட்ல போறேன். அது பாதுகாப்புதானே, வேகம் குறைவுதானே?

தஞ்சோங் மாலிம், சிலிம் ரிவர், சுங்காய், பீடோர், தாப்பா என்று போகும் அந்த முதலாம் எண் சாலை அழகானது, எனக்கும் பிடிக்கும். ஆனால் வேகம் குறைவு என்பதால் பாதுகாப்பு என்று கணக்குப் போடாதீர்கள். ஹைவேயில் எதிர்ப்பக்க வண்டிக்கும் உங்களுக்கும் நடுவில் தடுப்பு இருக்கிறது, இங்கே பல இடங்களில் ஒரு வெள்ளைக் கோடு மட்டும்தான். செம்பனை லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு, பொறுமை போய், இரட்டைக் கோட்டில் வெளியே தலை நீட்டும் இடம் இதுதான். பொது வரம்பு 90, பண்டிகைக் காலத்தில் 80 ஆகக் குறைப்பார்கள். பகலில், அவசரமில்லாத நாளில் போங்கள். ராத்திரியில் குடும்பத்தோடு என்றால் நான் டோல் கட்டிவிடுவேன்.

பையன் பழைய வீரா வாங்கி லோ பண்ணணும்ங்கிறான். விடலாமா?

1993ல் வந்த புரோட்டோன் வீரா இன்னும் பையன்களைக் கூப்பிடுகிறது என்றால் அதில் ஏதோ இருக்கிறது. எஞ்சின் மிட்சுபிஷி வழி வந்தது, எளிமையானது, பையன் கையாலேயே கற்றுக்கொள்வான். அதனால் வாங்கட்டும் என்பேன். ஆனால் ஸ்பிரிங் வெட்டி இறக்குவதற்கு நான் எதிரி. மேலே எஸ்டேட் ரோட்டுக்குச் சொன்னதெல்லாம் இரட்டிப்பாக வரும், டயர் உள்பக்கம் மட்டும் தேயும், பள்ளத்தில் குதித்து மட்கார்டைக் கடிக்கும். முதல் காசை பிரேக், புஷ், டயருக்குப் போடச் சொல்லுங்கள். பழைய காரில் ஏர்பேக் இருக்கிறதா என்று பார்த்து, இல்லை என்றால் அதைத் தெரிந்துகொண்டே ஓட்டச் சொல்லுங்கள். உள்ளூரில் ஓட்டட்டும், பினாங்குக்கு வேண்டாம்.

அண்ணே, கடைசியா ஒண்ணு. பூட்ல டுரியான் கொண்டாந்தேன், வாசம் போகவே மாட்டேங்குது.

செடான்தானே, பூட் தனிதானே என்ற தைரியத்தில் ஏற்றியிருப்பீர்கள். அந்தத் தடுப்பு சாமானை நிறுத்தும், வாசத்தை நிறுத்தாது. பின்சீட்டு இடுக்கு வழியாக உள்ளே வந்துவிடும். விரிப்பை எடுத்து வெயிலில் போடுங்கள், ஸ்பேர் டயர் குழியைத் துடையுங்கள், ஒரு கிண்ணம் அடுப்புக்கரி வையுங்கள், மேலே ஒரு கட்டு பாண்டான் இலை. மூன்று நாளில் பாதி போகும். மீதி பாதி போகும்போது அடுத்த சீசன் வந்துவிடும்.